ஓட்டை இல்லாத பெட்டி

எங்கள் அலுவலகத்தில் ஒரு சரக்குப் பெட்டியைச் சோதிப்பது இப்படித்தான் நடக்கும். சீல்காரர் கதவைத் திறப்பார். ஆய்வாளர் வாசலில் நின்றபடி டார்ச்சை ஒரு தடவை உள்ளே அடிப்பார். முதல் வரிசை அட்டைகளில் வெளிச்சம் பட்டதும் "சரி" என்பார். அந்தச் சொல் முழுதாக வாயைவிட்டு வருவதற்குள் கதவு மூடியிருக்கும், தாழ்க்கம்பி இறங்கியிருக்கும், சீல் விழுந்திருக்கும். பக்கவாட்டில் 'சோதிக்கப்பட்டது' என்ற பச்சை ஸ்டிக்கர் ஒட்டப்படும். பெட்டி கப்பலுக்குப் போகும். ஆய்வாளர் டீ குடிக்கப் போவார்.

நான் எடைமேடைப் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்தபோது எனக்கு ஒரு டார்ச்சும் ஒரு கையேடும் கொடுத்தார்கள். மற்றவர்கள் அந்தக் கையேட்டை ஆடும் மேசைக்கால்களுக்கு அடியில் வைத்திருந்தார்கள். எனக்கு இன்னும் மேசை ஒதுக்கப்படவில்லை. அதனால் படித்தேன்.

அதில் ஒளிச்சோதனை என்று ஒரு பகுதி இருந்தது. விஷப்புகை போட வேண்டிய பெட்டிக்குள் ஆய்வாளர் போய் நிற்க வேண்டும், கதவை மூடச் சொல்ல வேண்டும், இருட்டில் எங்கிருந்தாவது வெளிச்சம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வெளிச்சம் வருகிற இடத்தில் ஓட்டை இருக்கிறது. புகை போடக் கூடாது. எளிமையான, அழகான சோதனை. யார் எழுதினார்களோ, அவர்கள் ஒரு பெட்டியையாவது கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

அன்றைக்கு வந்த பெட்டியில் வெளிநாட்டுக்குப் போகும் மர நாற்காலிகள். மரத்தில் பூச்சி இருக்கலாம் என்பதால் மாலையில் புகை போடுவார்கள், அப்புறம் கப்பல். லாரி டிரைவர்கள் ஓய்வெடுக்கும் கொட்டகையை ஒட்டி அதை இறக்கி வைத்திருந்தார்கள்.

நான் வாசல் விளிம்பில் கால் வைத்து ஏறினேன். சீல்காரர் பார்த்தார்.

"எங்க போறீங்க மேடம்?"

"உள்ள."

"உள்ள எதுக்கு?"

"பாக்கறதுக்கு."

"இங்கருந்தே தெரியுமே," என்றார், எனக்குக் கண் சரியில்லையோ என்ற அக்கறையுடன்.

நான் அவருக்கு விளக்கிச் சொன்னேன். மூடச் சொன்னதும் மூட வேண்டும். பார்த்து முடித்ததும் தட்டுவேன். தட்டினதும் திறக்க வேண்டும். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நான் அட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் உடம்பை ஒருக்களித்துக்கொண்டு, அட்டைகள் அடுக்காமல் விட்டிருந்த கடைசி மூலைவரை போய், "மூடுங்க," என்றேன்.

கதவு மூடியது. தாழ்க்கம்பி இறங்கியது. பிறகு 'க்ளிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கையேட்டில் அந்தச் சத்தம் இல்லை.

"மேடம்," கதவுக்கு வெளியே அவர் கத்தும் குரல்.

"சொல்லுங்க."

"சீல் போட்டுட்டேன்."

"ஏன்?"

"கை போட்டுடுச்சு மேடம்."

வெட்டுங்கள் என்றேன். வெட்டும் கத்தரி கண்காணிப்பாளர் அலமாரியில் இருக்கிறது, சீல் எண் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, இனி அது அவர் கையில் இல்லை என்றார். சாரைக் கூட்டி வருகிறேன் என்று ஓடினார். செருப்புச் சத்தம் தேய்ந்து போனது.

பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இருட்டு ரொம்ப நாள் தெரிந்தவள் மாதிரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. செல்போனை யார்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதால் என்னை யாரும் கூப்பிட முடியாது. இப்படி ஓர் இடம் எனக்குக் கடைசியாக எப்போது கிடைத்தது என்று நினைத்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

பிறகு அதைப் பார்த்தேன். இடது சுவரில், மார்பளவு உயரத்தில், ஒரு பச்சை வெளிச்சம்.

வெளிச்சம் எப்படிப் பச்சையாக இருக்கும் என்று கிட்டே போனேன். ஏதோ ஒரு காலத்தில் தூக்கும் வண்டியின் இரும்பு முள் குத்திய ஓட்டை. வெளியிலிருந்து அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். பேனாவால் அழுத்தினேன். ஒன்றல்ல. ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கராக, வருஷாவருஷம், ஒரே இடத்தில். ஒவ்வொன்றிலும் 'சோதிக்கப்பட்டது.' கடைசி ஸ்டிக்கரும் கிழிந்தபோது வெளிச்சம் வெள்ளையாகி என் புடவைமேல் விழுந்தது.

கண்ணை வைத்துப் பார்த்தேன். கை நீட்டினால் தொடும் தூரத்தில் டிரைவர்கள் கொட்டகை. ஒரு ஸ்டவ், காயப்போட்ட பனியன், பாயில் இரண்டு பேர் தூக்கம். ஒரு டிரைவர் பெட்டியின் நிழலுக்காக எங்கள் சுவரிலேயே சாய்ந்து உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தார். ஓட்டைக்கு நேர் கீழே அவர் உச்சந்தலை.

நான் ஓர் அட்டையைப் பிரித்து நாற்காலியை வெளியே எடுத்தேன். இருபக்கமும் கை வைத்த நாற்காலி. எங்கள் அலுவலகத்தில் கை வைத்த நாற்காலி கண்காணிப்பாளருக்கு மட்டும்தான். ஆய்வாளர்களுக்குக் கையில்லாதது. புதிதாக வந்தவர்களுக்கு ஸ்டூல். முழங்கையை எங்கே வைத்துக்கொள்வது என்று ஒரு மனிதருக்குத் தெரிவதற்கு எத்தனை வருஷ சர்வீஸ் தேவை என்று அங்கே தீர்மானித்திருந்தார்கள். நான் உட்கார்ந்தேன். முழங்கைகள் தங்கள் இடத்தைத் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டன.

கண்காணிப்பாளர் வந்தார். முதலில் கதவுக்கு முன்னால் நின்று பேசினார். சீல்காரர் மாதிரி கத்தாமல் பேசியதால் தடித்த இரும்பில் ஒன்றும் கேட்கவில்லை. சீல்காரர் அவரைப் பக்கவாட்டுக்குக் கூட்டி வந்து காட்டினார். கண்காணிப்பாளர் ஓட்டையில் வாயை வைத்தார். அவர் பேசும்போது உள்ளே இருட்டாகியது. நிறுத்தியபோது வெளிச்சம் வந்தது.

"என்னம்மா இது?"

"ஓட்டை சார்."

"அதக் கேக்கல. நீங்க எதுக்கு உள்ள இருக்கீங்க?"

"ஒளிச்சோதனை சார். கையேட்டுல இருக்கு."

"கையேட்டுல ஆயிரம் இருக்கும். இந்த யார்டுல இதுவரைக்கும் ஒரு ஆய்வாளர்கூட பெட்டிக்குள்ள மாட்டினதில்ல. அதுக்கு வருஷாவருஷம் பாதுகாப்புக் கேடயம் வாங்கறோம். தெரியுமா உங்களுக்கு?"

"யாரும் உள்ள போனதே இல்லையே சார்."

"அதாம்மா பாதுகாப்பு," என்றார், ஒருவழியாக எனக்குப் புரிந்துவிட்ட நிம்மதியில்.

சீலை வெட்டச் சொன்னேன். அவர் பொறுமையாக விளக்கினார். ஒரு சீலை வெட்ட வேண்டுமென்றால், அந்தப் பெட்டியைச் சோதித்த ஆய்வாளர் பெட்டிக்கு வெளியே, நேரில் இருக்க வேண்டும். ஆய்வாளர் இல்லாமல் வெட்டினால் அது திருட்டு. "நீங்க வெளிய வந்து நின்னா அடுத்த நிமிஷம் வெட்டிடறேன். எனக்கென்ன உங்கமேல கோவமா?"

"வெளிய வரத்தான் சார் வெட்டச் சொல்றேன்."

"வரிசைன்னு ஒண்ணு இருக்கும்மா. அத மாத்தினா அப்புறம் நிர்வாகம்னு எதச் சொல்றது?"

வெளிச்சம் வந்தது. போய்விட்டார்.

திரும்பி வந்தபோது அவரிடம் வழி இருந்தது. ஒரு தாள் சுருளாக ஓட்டை வழியே உள்ளே வந்து என் மடியில் விழுந்தது. பிரித்து டார்ச் வெளிச்சத்தில் படித்தேன். 'இப்பெட்டியில் ஓட்டை எதுவும் இல்லை என்றும், உள்ளே ஆட்கள் யாரும் இல்லை என்றும் நேரில் சோதித்துச் சான்றளிக்கிறேன்.' கீழே ஆய்வாளர் கையெழுத்து.

"போட்டுக் குடுங்க," என்றார். "கையெழுத்து வந்துட்டா புகை போட அனுமதி ஆயிடும். புகைக் குழாயை உள்ள விடறதுக்கு சீலை வெட்டிக் கதவத் திறக்கலாம்னு தனி விதி இருக்கு, அதுக்கு ஆய்வாளர் நிக்க வேண்டாம். கதவு திறந்ததும் நீங்க சத்தமில்லாம இறங்கி வந்துடுங்க. மருந்துக்காரர் கண்டுக்க மாட்டாரு. எல்லாருக்கும் நல்லது."

"அதாவது நான் உள்ள இல்லன்னு எழுதிக் குடுத்தா, வெளிய விடுவீங்க."

"ஆமா."

"ஓட்டையும் இல்லன்னு."

"ஓட்டை எங்கம்மா இருக்கு?" என்றார், அதில் வாயை வைத்துக்கொண்டு.

"இந்தப் பேப்பர் எப்படி சார் உள்ள வந்துச்சு?"

சற்றே யோசித்தார். வேலையில் ஊறிய மனிதர். "உரிய வழியாக," என்றார்.

அவர் நகர்ந்ததும் மருந்துக்காரர் வந்தார். புகை போடுகிறவர். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியிருந்தார். கன்னத்தில் ரப்பர் அழுத்திய கோடு.

"அக்கா, தண்ணி வேணுமா?"

எப்படித் தருவார் என்று பார்த்தேன். மெல்லிய குழாய் ஒன்றின் நுனி உள்ளே நீண்டது. "புதுசுதான்கா. மருந்து படல," என்றார். இளஞ்சூடாக, பிளாஸ்டிக் வாசனையோடு தண்ணீர் வந்தது. வாழ்க்கையில் அவ்வளவு நன்றியோடு எதையும் குடித்ததில்லை.

"இந்தப் பெட்டி உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"நல்லாத் தெரியும். திரும்பித் திரும்பி வரும். போன தடவ புகை போட்ட அன்னிக்கு கொட்டகையில நாலஞ்சு டிரைவருங்க வாந்தி. ஒருத்தர ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. விசாரணை வச்சாங்க."

"என்ன கண்டுபிடிச்சாங்க?"

"கேன்டீன் சாப்பாடுன்னு. சமையல்காரர மாத்தினாங்க. அடுத்த தடவையும் வாந்தி. மறுபடி மாத்தினாங்க. இப்ப இருக்கறவரு பாவம், உப்பு போடவே கை நடுங்குது." கன்னத்துக் கோட்டைத் தேய்த்துக்கொண்டார். "உங்க கையெழுத்து இல்லாம நான் போட மாட்டேன்கா. ஆனா கையெழுத்து வந்துட்டா போட்டுத்தான் ஆகணும். என் பொழப்பு அப்படி."

நான் தாளைத் தொடையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வியர்வை முழங்கை வழியே நாற்காலிக் கையில் இறங்கியது. கையெழுத்துப் போடுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. நான் நிறையப் போட்டிருக்கிறேன். கல்யாணத்துக்கு, வீட்டு வாடகைக்கு, மகளின் பள்ளிக்கூடத்துக்கு, மாற்றல் உத்தரவுக்கு. ஒவ்வொரு தடவையும் எனக்குள்ளே ஏதோ ஒன்று கிடந்தது; நான் வாசலில் நின்று ஒரு தடவை டார்ச் அடித்துவிட்டு "சரி" என்று சொல்லியிருக்கிறேன். உள்ளே போய்ப் பார்த்ததில்லை. போனால் கதவு மூடிக்கொள்ளுமோ என்று பயம். இப்போது கதவு மூடித்தான் இருந்தது. பார்ப்பதற்கு இனி தடை ஒன்றும் இல்லை. பார்த்தேன். கோபம் இருந்தது. நல்ல உயரமான, கை கால் விளங்கும் கோபம். பத்திரமாக அடுக்கி வைத்தது போல, கொஞ்சம்கூடப் பூச்சி அரிக்காமல்.

பேனாவை மூடினேன்.

"போட மாட்டேன் சார்," என்று ஓட்டைக்கு வெளியே சொன்னேன்.

கண்காணிப்பாளர் ஓடி வந்தார். டிரைவர்களைப் பற்றிச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "டிரைவருங்க நம்ம துறை இல்லம்மா. அவங்க போக்குவரத்து. நம்ம புகை நம்ம பெட்டியத் தாண்டிட்டா அது அவங்க புகை."

"தாண்டணும்னா ஓட்டை இருக்கணுமே."

"அதான் இல்லையே. அப்புறம் எதுக்குக் கவலப்படறீங்க?"

வெளிச்சம் மஞ்சளாகத் தொடங்கிய நேரத்தில் என் கணவரை வரவழைத்துவிட்டார்கள். ஆய்வாளர் விடுப்பில் இருந்தால் கண்காணிப்பாளரே சான்றளிக்கலாம் என்று ஒரு விதியை யாரோ எடுத்துக் கொடுத்திருந்தார்கள். எனக்கு இன்று உடம்பு சரியில்லை, நான் வீட்டில் படுத்திருக்கிறேன் என்று கணவர் இரண்டு வரி எழுதித் தந்தால் போதும்.

என் கணவர் குடிநீர் அலுவலகத்தில் எழுத்தர். யாரையும் எதிர்த்துப் பேசாதவர். பஸ்ஸில் தன் காலை மிதித்தவரிடமே மன்னிப்புக் கேட்பவர். ஓட்டையில் அவர் கண் தெரிந்தது.

"ஏம்மா, சாப்பிட்டியா?"

"இல்லங்க."

"என்னமோ எழுதிக் கேக்கறாங்க. நீ வீட்ல இருக்கியாம்."

"நான் எங்க இருக்கேன்?"

கண் கொஞ்சம் அசைந்து உள்ளே தேடியது. "உக்காந்திருக்க. நல்ல நாற்காலியா இருக்கே."

"கை வச்சது."

"இருக்கட்டும். நீ ஏதாவது எழுதிக் குடுத்துட்டியா?"

"இல்ல."

"குடுக்காத," என்றார். அவர் குரல் அப்படி உறுதியாக ஒலித்து நான் கேட்டதில்லை. பிறகு திரும்பிக் கண்காணிப்பாளரிடம் அவர் சொன்னதும் எனக்குக் கேட்டது. "மன்னிச்சிடுங்க சார். என் சர்வீஸ்ல இதுவரைக்கும் நான் எதுலயும் கையெழுத்துப் போட்டதில்ல. ஃபைல் வந்தா 'பேசவும்'னு மட்டும்தான் எழுதித் திருப்பி அனுப்புவேன். கையெழுத்துப் போட்டவங்க எங்க போனாங்கன்னு பாத்திருக்கேன். எங்க பக்கத்து சீட்டு அப்படித்தான் காலியாச்சு."

"உங்க மனைவி உள்ள மாட்டிக்கிட்டிருக்காங்க சார்."

"அப்படின்னா அவ வீட்ல இல்ல. நீங்களே சொல்றீங்க."

பயந்த சுபாவத்துக்கு இப்படி ஒரு பயன் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த மனிதரை நான் இத்தனை வருஷம் வாசலிலிருந்துதான் பார்த்திருக்கிறேன்.

இதற்குள் எங்களுக்குப் பின்னால் பெட்டி ஏற்றிய லாரிகள் சேர்ந்துவிட்டன. சோதனை முடியாத பெட்டியைத் தாண்டி அடுத்த பெட்டி போகக் கூடாது என்பதும் விதி. ஹாரன் சத்தம் கூடிக்கொண்டே போனது. டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர் எழுந்து ஓட்டை வழியே என்னைப் பார்த்தார். மருந்துக்காரர் அவரிடம் ஏதோ சொன்னார். டிரைவர் கொட்டகைக்குப் போய்த் தூங்குகிறவர்களை எழுப்பினார். கொஞ்ச நேரத்தில் அவர்கள் எல்லோரும் சுவரை ஒட்டி வந்து நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. முறைவைத்து, ஒருவர் பின் ஒருவராக, ஓட்டை வழியே பார்த்தார்கள். பார்த்து முடித்தவர் அடுத்து நின்றவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "சாம்பாரு இல்லடா. இதுதான்."

மேலிடத்திலிருந்து போன் வந்ததாகச் சீல்காரர் சொன்னார். கப்பல் காத்திருக்கிறது. கண்காணிப்பாளர் ஓட்டைக்கு வந்தபோது அவர் மூச்சு சூடாக இருந்தது.

"என்னம்மா பண்ணணுங்கறீங்க?"

"விதிப்படி பண்ணுங்க சார். சீல் வெட்ட ஆய்வாளர் வெளிய இருக்கணும், அவ்வளவுதானே?"

"ஆமா."

"முழுசா இருக்கணும்னு எழுதியிருக்கா?"

தாள்கள் புரளும் சத்தம். "முழுசான்னு... இல்ல."

"அப்ப நான் விரலை வெளிய நீட்டறேன். நீங்க அதப் பாத்து, ஆய்வாளர் வெளிய இருந்தாங்கன்னு எழுதிட்டு வெட்டுங்க."

மறுபடி தாள் புரண்டது. அவருக்கு உண்மையாகவே அந்த யோசனை பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். விதி உடையாமல் சீல் உடையும். பிறகு மெதுவாக அவருக்கு மற்றது புரிந்தது.

"விரல் எது வழியா வந்துச்சுன்னு கேப்பாங்களே."

"கேப்பாங்க சார்."

"வேணும்னா கதவு இடுக்குல..."

"இடுக்குல காத்தே வரல."

ஹாரன்கள் ஒன்றாகச் சேர்ந்து அலறின. என் கணவர் தயக்கத்துடன், "எழுதிடுங்க சார். ஆனா கையெழுத்து உங்களதா இருக்கட்டும்," என்றது கேட்டது.

கண்காணிப்பாளர் எழுதினார். எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "பெட்டியின் இடப்பக்கச் சுவரில் உள்ள ஓட்டை வழியாக ஆய்வாளரின் விரல் வெளியே இருந்தது. அதன் முன்னிலையில் சீல் வெட்டப்பட்டது." டிரைவர்கள் 'ஓட்டை'யை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள். படித்தார்.

எந்த விரல் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு சுட்டுவிரலையே நீட்டினேன். வெளியே காற்று குளிர்ச்சியாக இருந்தது. யாரோ அந்த விரலைத் தொட்டு உறுதி செய்துகொண்டார்கள். மருந்துக்காரர் என்று நினைக்கிறேன். கத்தரி கடித்தது. கதவு திறந்தது.

நான் எழுந்திருக்கவில்லை.

"வாங்கம்மா, வெளிய வாங்க," என்று கண்காணிப்பாளர் வாசலில் நின்று டார்ச் அடித்தார். வெளிச்சம் முதல் வரிசை அட்டைகளில் பட்டது.

"நீங்க உள்ள வாங்க சார். வந்து ஓட்டையப் பாத்துட்டுப் போங்க."

"இங்கருந்தே தெரியுது."

"தெரியாது சார்."

டிரைவர்கள் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் ஏறினார். ஒவ்வோர் அடிக்கும் கதவைத் திரும்பிப் பார்த்தபடி சந்துக்குள் வந்தார்.

"பயப்படாதீங்க சார்," என்றேன். "இந்த யார்டுல இதுவரைக்கும் யாரும் உள்ள மாட்டினதில்ல."

அந்தப் பெட்டி அன்று புகை போடாமல் ஒதுக்கப்பட்டது. ஒரு வாரத்தில் சுற்றறிக்கை வந்தது. பச்சை ஸ்டிக்கரைக் கிழித்ததற்கு என்னிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். அதற்குக் கீழே, ஆய்வாளர்களின் பாதுகாப்பு கருதி, ஒளிச்சோதனையை இனிமேல் கதவைத் திறந்து வைத்தே நடத்த வேண்டும் என்று இருந்தது. மற்ற ஆய்வாளர்கள் அதை வரவேற்றார்கள். கதவு திறந்திருந்தால் உள்ளே வெளிச்சம் தாராளமாக இருக்கிறது, சோதனை செய்யச் சுலபம் என்றார்கள்.

நான் சுற்றறிக்கையை நாலாக மடித்து ஸ்டூலின் குட்டைக்கால் அடியில் வைத்துவிட்டு, அடுத்த பெட்டிக்குப் போனேன்.

சீல்காரர் கதவைத் திறந்தார். நான் விளிம்பில் கால் வைத்தேன்.

"சுத்தறிக்கை வந்திருக்கே மேடம்."

"தெரியும். நான் உள்ள போனதும் மூடுங்க."

அவர் தன் வலது கையை ஒரு தடவை பார்த்தார். பிறகு இடுப்பில் கட்டியிருந்த பையை அவிழ்த்து, உள்ளே இருந்த சீல்கள் அத்தனையையும் என்னிடம் நீட்டினார்.

"இதெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா," என்றார். "கை கேக்காது."

மேடம் எப்போது அக்காவானது என்று நான் கேட்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு கடைசிவரை போனேன். கதவு மூடியது. தாழ்க்கம்பி இறங்கியது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வேறு சத்தம் இல்லை.

பைக்குள் சீல்கள் கலகலத்து அடங்கின. சுவர் சுவராகத் திரும்பினேன்.

இரண்டு இடத்தில் பச்சையாக இருந்தது. பேனாவை எடுத்தேன்.